புதுப்பிப்பு: பழைய பாம் எம்100 வாங்கிவிட்டேன்

போனைத் தொட்டாலே அரை மணி நேரம் போய்விடுகிறது, வேலைக் குறிப்புகளுக்காகப் பழைய பாம் எம்100 (கையடக்க மின்னணுக் குறிப்பேடு) ஒன்று வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். டைரியே போதும் என்று பலர் சொன்னீர்கள். வாங்கிவிட்டேன்.

2000-இல் வந்த கருவி. நினைவகம் மொத்தமே 2 எம்பி. குறிப்புக்கும் முகவரிக்கும் அது தாராளம். எழுதுவதுதான் முதலில் படுத்தியது. திரையில் குச்சியால் எழுதும் கிராஃபிட்டி முறையில் ஆங்கில ‘ஏ’ எழுத்துக்கு நடுக்கோடு கிடையாது, கூரை மாதிரி ஒரே இழுப்பு. நான்காம் நாள் கை பழகிவிட்டது. பெயர்களை ஆங்கில எழுத்தில் போடுவதுதான் இன்னும் உறுத்துகிறது.

முக்கியமான விஷயம் பேட்டரி. ரிமோட்டுக்குப் போடும் சின்ன பேட்டரி இரண்டில் ஓடுகிறது. அது முழுக்கத் தீர்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கூடவே வந்த பழைய பேட்டரியை நம்பி ஊருக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், இரண்டு வாரக் குறிப்பும் காலி. மனசு விட்டுப்போயிற்று.

சரி, இப்போது வாரம் ஒருமுறை லேப்டாப்பில் பிரதி எடுக்கிறேன். அதற்கான கேபிள் பழைய சீரியல் வகை, லேப்டாப்பில் அந்தத் துளையே இல்லை. யுஎஸ்பி மாற்றி தனியாக வாங்க வேண்டியிருந்தது. வாங்க நினைப்பவர்கள் கேபிளோடு கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். நான் வைத்துக்கொள்ளப் போகிறேன்.