கடன் வாங்கிய ஒன்று: ஏஐ சிப் கணக்கில் இடறி விழுந்த அனுபவங்கள்

ஹம்டன் லேன் வாசி:

என் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தில் மூன்று வாரங்களைத் தின்றது ஒரு 1. நூறில் ஒன்றோ ஆயிரத்தில் ஒன்றோ அல்ல, வெறும் 1.

கையால் எழுதிய இலக்கங்களை அடையாளம் காணும் சிறிய நரம்பு வலையமைப்பு ஒன்றை எஃப்பிஜிஏ சிப்பில், அதாவது உள்சுற்றை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப்பில், ஓட வைப்பதுதான் வேலை. ஆர்ட்டிக்ஸ்-7 வகையில் 35டி என்ற சிறிய சிப். ஆயத்தமாகக் கட்டப்பட்ட பெருக்கிகள் அதில் மொத்தமே 90. டிஎஸ்பி என்பார்கள். வலையமைப்புக்கோ பெருக்கிக் கூட்டுவதைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. 28-க்கு 28 படமொன்றில் 784 புள்ளிகள். முதல் அடுக்கில் 200 நரம்பணுக்கள் வைத்தால் ஒரு படத்துக்கே 156,800 பெருக்கல்கள்.

ஒரு டிஎஸ்பி 25 பிட் எண்ணை 18 பிட் எண்ணால் பெருக்கும். என் எண்களோ எட்டே பிட். யானைச் சங்கிலியில் ஆட்டுக்குட்டியைக் கட்டியது போல. ஆகவே இத்துறையில் பலரும் செய்யும் தந்திரத்தை நானும் செய்தேன். ஒரே படப்புள்ளியோடு பெருக்க வேண்டிய இரண்டு எடைகளில் (வலையமைப்பு பயிற்சியில் கற்ற எண்களைத்தான் எடை என்பார்கள்) ஒன்றை 16 பிட் மேலே தள்ளி, மற்றதைக் கீழே வைத்து, இரண்டையும் ஒரே எண்ணாக ஒட்டிவிட்டேன். ஒரு பெருக்கலில் இரண்டு விடைகள். 90 பெருக்கிகள் 180 ஆயின. மேற்பார்வையாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

போர்டில் ஏற்றியதும் கணினியில் வந்த விடையும் சிப்பின் விடையும் ஒத்துப்போகவில்லை. இலக்கங்களைப் பெரும்பாலும் சரியாகவே சொன்னது, அதுதான் கேடு. முழுக்கப் பிழைத்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். அங்கொன்று இங்கொன்றாகச் சில 4களை மட்டும் 9 என்றது. கடிகார வேகத்தைக் குறைத்தேன். வலையமைப்பை மறுபடி பயிற்றுவித்தேன். புறக்கோட்டைக்குப் போய்ப் புதுக் கேபிள் ஒன்றும் வாங்கி வந்தேன். அந்தக் கேபிளை இன்றும் வைத்திருக்கிறேன்.

கடைசியில் ஒவ்வொரு பெருக்கலையும் தனித்தனியே அச்சிட்டுப் பார்த்தேன். கீழே இருந்த எடையின் விடை எப்போதும் சரி. மேலே இருந்ததன் விடை சில வேளை சரி, மற்ற வேளைகளில் அளந்து வைத்தாற்போல 1 குறைவு.

தசமக் கணக்கில் சொல்கிறேன். மேலே 5, கீழே -3. ஆயிரத்தால் தள்ளி ஒட்டினால் 4997. அதை 2ஆல் பெருக்கினால் 9994. மேலே 10 நிற்க வேண்டும், 9 நிற்கிறது. கீழே உள்ள 994, ஆயிரத்துக்கு 6 குறைவு, அதாவது -6. அதில் பிழையில்லை. கீழ்வீட்டு விடை மறை எண்ணாகும்போதெல்லாம் மேல்வீட்டில் 1 கடன் வாங்கிவிடுகிறது. சின்ன வகுப்பில் கழித்தலுக்குக் கற்றுத்தந்த அதே கடன்! திருத்தம் ஒரு வரிதான்: கீழ் விடையின் குறி பிட் 1 என்றால், அதாவது அது மறை எண் என்றால், மேல் விடையோடு 1 கூட்டு.

இவ்வளவு நாள் ஏன் பிடிபடவில்லை? சிமுலேஷனில் சோதனைக்கு நான் கொடுத்த எண்கள் எல்லாமே நேர் எண்கள். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனை அக்கா:

தம்பி, உங்கள் பிழை எல்லா நேரமும் கூடவே இருந்தது. என்னுடையது நண்பகலில் மட்டும் வரும்.

காலி வீதியில் வாகனங்களை எண்ணும் கமராவுக்கு வன்பொருள் எழுதினோம். காலையில் நன்றாக எண்ணும், மாலையிலும் எண்ணும். உச்சி வெயிலில் வெள்ளை வேன் வந்தால் மட்டும் வீதி வெறுமையாக இருப்பதாகச் சொல்லும். கமராக் கண்ணாடி சூடேறுகிறது என்று ஒருவர், மென்பொருள் கோளாறு என்று இன்னொருவர். நானும் அந்தக் கூட்டத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கோளாறு என் கூட்டியில், அதாவது எண்களைக் கூட்டும் சுற்றில், இருந்தது. முதல் அடுக்கில் 3×3 சாளரம், மூன்று நிறங்கள், ஆக 27 பெருக்கங்களைக் கூட்ட வேண்டும். ஒவ்வொன்றும் 16 பிட். மிக மோசமான நிலைக்கும் தாங்க வேண்டுமானால் 21 பிட் வேண்டும். "அவ்வளவு பெரிய எண்கள் எங்கே வரப்போகின்றன" என்று இடத்தை மிச்சம் பிடித்து 18 பிட்டில் நிறுத்தியவள் நான்தான். 18 பிட்டின் உச்சம் 131,071. எடைகள் சராசரியாக 30 என்று வையுங்கள். மாலையில் புள்ளியின் ஒளி 60 என்றால் கூட்டுத்தொகை 48,600, பிரச்சினையில்லை. நண்பகலில் அதே புள்ளி 240 ஆகும்போது 194,400. உச்சியைத் தாண்டிய எண் சுற்றிக்கொண்டு மறை எண்ணாக மறுபக்கம் வந்து நிற்கும். அடுத்த படி மறை எண்களையெல்லாம் பூச்சியமாக்கிவிடும். வேன் மாயம்!

21 பிட்டாக அகலமாக்கினேன். அதோடு பின் அடுக்குகளில், உச்சத்தைத் தொட்டால் சுற்றாமல் அங்கேயே நிற்கும் வகைக் கூட்டியையும் போட்டேன். சிறிது இடம் அதிகம் தின்றது. தின்னட்டும்.

ஒரு கேள்வி தம்பி: எட்டு பிட்டில் அடங்கும் மிகச் சிறிய எண்ணான -128ஐச் சோதித்தீர்களா?

தெகிவளைக்காரன்:

இருவரும் பெருக்கிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் புத்தி வந்தது 2022 மின்வெட்டில். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லை. போர்டைப் பவர் பேங்கில் ஓட்டினேன். அப்போதுதான் எது மின்சாரத்தைக் குடிக்கிறது என்று உட்கார்ந்து யோசித்தேன்.

ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹொரோவிட்ஸ் 2014இல் 45 நானோமீட்டர் சிப்புக்குக் கொடுத்த கணக்கு இது. எட்டு பிட் பெருக்கல் ஒன்றுக்கு 0.2 பிக்கோஜூல் ஆற்றல். 32 பிட் மிதக்கும் புள்ளி (புள்ளி எங்கும் நகரக்கூடிய பின்ன எண்) பெருக்கலுக்கு 3.7. வெளி நினைவகத்திலிருந்து ஒரு தடவை எடுத்து வர 1300 முதல் 2600 வரை. கறி மலிவு, ஓட்டோக் கூலிதான் கழுத்தை அறுக்கிறது.

தம்பி சொன்ன அதே 35டி சிப்பின் உள் நினைவகம் 225 கிலோபைட். அவர் கணக்குப்படி முதல் அடுக்குக்கு 156,800 எடைகள். 32 பிட்டில் வைத்தால் 600 கிலோபைட்டுக்கு மேல், உள்ளே கொள்ளாது, ஒவ்வொரு தடவையும் வெளியே போய் வர வேண்டும். எட்டு பிட்டில் வைத்தால் எல்லாம் வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். எட்டு பிட் என்றதும் பெருக்கி சிறிதாவதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இந்த அடக்கம்தான் பெரிது.

கூகுள் 2015இல் தன் தரவு மையங்களில் இறக்கிய, ஏஐ கணக்குக்கென்றே செய்த முதல் டிபியு சிப்பில் 256-க்கு 256, மொத்தம் 65,536 எட்டு பிட் பெருக்கிகள். ஒவ்வொன்றும் நினைவகத்துக்கு ஓடினால் என்னாவது? புறக்கோட்டையில் லொறியிலிருந்து வத்தகப்பழம் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி விடுவார்கள், யாரும் லொறிக்கு நடப்பதில்லை. டிபியுவிலும் எண்கள் பக்கத்துப் பெருக்கியிடமிருந்துதான் வருகின்றன. குங், லைசர்சன் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் 1978இலேயே எழுதிவைத்த யோசனை அது.

ஹம்டன் லேன் வாசி:

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் சோதித்தேன். இடத்தை மிச்சம் பிடிக்க, இரண்டு பெருக்கங்களைக் கூட்டிய பிறகே மேல் விடையையும் கீழ் விடையையும் பிரிக்கிறேன். புள்ளிகளின் ஒளியை -128 முதல் 127 வரை வைத்திருப்பதால், படத்தின் கறுப்புப் பின்னணி என்னிடம் -128. எடையும் இரண்டு தடவை -128 ஆக அமைந்தால் 16,384 கூட்டல் 16,384, அதாவது 32,768. குறியோடு சேர்ந்த 16 பிட்டின் உச்சம் 32,767.

மறுபடியும் அதே 1. எடைகளை -127 முதல் 127 வரை என்று சுருக்கிவிட்டு, இப்போது சிமுலேஷனை முதலிலிருந்து ஓட விட்டிருக்கிறேன்.