தீம் பார்க் நைட் ஷோ, பரேடு எல்லாம் சுமாரா இருக்கறதுக்கு பட்ஜெட் தான் காரணமா?

கெங்கேரி_கார்த்தி

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்த விஷயம். பெங்களூரு சுத்துவட்டாரத்துல பார்க், ரிசார்ட், மால்னு எங்க போனாலும் சாயங்காலம் ஒரு லேசர் ஷோ, மியூசிக்கல் ஃபவுண்டன், சின்னதா ஒரு பரேடுன்னு ஏதாவது வெச்சுடறாங்க, ஆனா எல்லா எடத்துலயும் ஒரே ஷோவ திருப்பி பாக்கற மாதிரி தான் இருக்கு. பச்சை லேசர்ல ஒரு கழுகு பறக்கும், ஒரு டால்ஃபின் குதிக்கும், நாலு ஹிட் பாட்டு, கடைசில தேசியக் கொடி, முடிஞ்சது. என் பொண்ணு பாதிலயே வீட்டுக்கு போலாம்ங்கறா. அதே பொண்ணு யூட்யூப்ல டிஸ்னிலேண்ட் மெயின் ஸ்ட்ரீட் எலக்ட்ரிக்கல் பரேட கண்ண எடுக்காம பாக்கறா, அது 1972ல ஆரம்பிச்சது! அதான் கேக்கறேன், இது காசு பிரச்சனையா, இல்ல யோசிக்கறதுக்கு ஆள் வெக்காத பிரச்சனையா? லைட்டிங், ஈவெண்ட் லைன்ல இருக்கறவங்க கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.

சிவாஜிநகர்_லைட்ஸ்

ப்ரோ நான் ஈவெண்ட் லைட்டிங்ல கன்சோல் ஆபரேட்டர். காசு பத்தலன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா இருக்கற காசு எங்க போகுதுன்னு பாருங்க. ஒரு ஷோவுக்கு கொட்டேஷன் போட்டா ப்ரொஜெக்டர் இத்தன, லேசர் இத்தன வாட், பம்பு, நாசில், கன்ட்ரோலர்னு வரிசையா வரும், எல்லாத்துக்கும் பில் இருக்கு, ஓனர் வந்து கையால தொட்டு பாத்துக்கலாம். கடைசி வரில 'கன்டென்ட்'னு ஒண்ணு இருக்கும், பேரம் பேசறப்ப மொத வெட்டு அங்க தான் விழும். கதை எழுதறவர், மியூசிக் போடறவர், அனிமேஷன் பண்றவர் எல்லார் சம்பளமும் அந்த ஒத்த வரிக்குள்ள தான் இருக்கு. மண்டபத்துக்கு லட்ச லட்சமா குடுத்துட்டு சமையல்காரர்கிட்ட பேரம் பேசற கல்யாணம் மாதிரி. அத கொறச்சா வெண்டர் மெஷின் கூட வர்ற ரெடிமேட் கிளிப்ப தான் போடுவார், நீங்க சொன்ன கழுகும் டால்ஃபினும் ஊர் ஊரா வர்றது அதனால தான்.

இன்னொண்ணு, டைம். தண்ணி ஷோவ ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல முடிச்சுட முடியாது, அந்த எடத்துலயே, இருட்டுல, பம்பு ஓட ஓட தான் திருத்தணும். கமாண்ட் போன உடனே தண்ணி மேல போகாது, ஏற நேரம் எடுக்கும், அதனால பாட்டோட பீட்டுக்கு முன்னாடியே கியூ, அதாவது ஆரம்பிக்கற சிக்னல், வெக்கணும், உயரமான ஜெட்டுன்னா இன்னும் முன்னாடி. காத்து வேற அடிச்சா வாட்டர் ஸ்க்ரீன் கலைஞ்சு படம் கிழிஞ்ச மாதிரி தெரியும், அதுக்கும் ஒரு ப்ளான் வேணும். இதுக்கெல்லாம் ராத்திரி ராத்திரியா உக்காரணும், ஆனா எங்களுக்கு தெறப்பு விழாவுக்கு முன்னாடி ரெண்டு ராத்திரி குடுத்தாலே பெருசு. டிஸ்னியோட கலிஃபோர்னியா அட்வென்ச்சர் பார்க்ல 2010ல வந்த வேர்ல்ட் ஆஃப் கலர் தண்ணி ஷோல கிட்டத்தட்ட 1,200 ஃபவுண்டன், அது நமக்கு கட்டுப்படியாகாது சரி, நூறு நாசில வெச்சே ஜனங்கள உக்கார வெக்கலாம், நேரம் குடுத்தா.

உங்க பொண்ணு பாக்கற பரேடு விஷயத்துக்கு வர்றேன். அதுல பல்ப விட பெரிய வேல மியூசிக்ல இருக்கு. 'பரோக் ஹோடவுன்'ங்கற ஒரே ட்யூன் அடில விடாம ஓடிட்டே இருக்கும், ஒவ்வொரு ஃப்ளோட்டுக்கும், அதாவது அலங்கார வண்டிக்கும், ஒரு தனி பாட்டு, அதே வேகத்துல அது மேல வந்து உக்காரும், அதனால ரோட்டுல நீங்க எங்க நின்னாலும் பாட்டு அறுபடாது. அத ஒருத்தர் உக்காந்து யோசிச்சிருக்கார்.

ஒயிட்ஃபீல்டு_மீனா

லைட்ஸ் அண்ணா சொல்றது நூத்துக்கு நூறு. காசு கொட்டுனா நல்லா வந்துரும்னும் இல்ல கார்த்தி. நான் வேலைக்காக ஃப்ளோரிடால இருந்தேன், அங்க டிஸ்னியோட எப்காட் பார்க்ல இல்யூமிநேஷன்ஸ்: ரிஃப்ளெக்ஷன்ஸ் ஆஃப் எர்த்னு ஒரு ஷோ, 1999ல இருந்து 2019 வரைக்கும் ஓடுச்சு. அதுல மிக்கி கிடையாது, எந்த கேரக்டரும் கிடையாது, பட பாட்டும் கிடையாது, அதுக்குன்னே எழுதுன இசை, ஏரி நடுவுல ஒரு பெரிய பூமி உருண்ட மெதுவா மெதந்து வரும், கண்டங்கள் இருக்கற எடத்துல எல்லாம் எல்இடில படம் ஓடும். நெருப்புல ஆரம்பிச்சு மனுஷன் வர்ற வரைக்கும் ஒரே கதை, ஆரம்பத்துல வர்ற சின்ன பேச்சு புரியலன்னாலும் கதை புரியும். என் மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது, முடிஞ்சதும் அவங்க தான் மொதல்ல கை தட்டுனாங்க.

அதுக்கப்பறம் 2021ல ஹார்மோனியஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. ஏரிக்குள்ள பெரிய பெரிய பார்ஜ் (மெதக்கற மேடை), ஸ்க்ரீன், ஃபவுண்டன்னு ஏகப்பட்ட மெஷின், பகல்ல அந்த பார்ஜெல்லாம் ஏரிய மறைச்சுட்டு நிக்குதுன்னே ஜனங்க திட்டுனாங்க. டிஸ்னி பட பாட்ட பல மொழில பாட வெச்சிருந்தாங்க, ஒவ்வொண்ணும் அழகு தான், ஆனா இந்த பாட்டுக்கு அப்பறம் அந்த பாட்டு ஏன் வருதுன்னு எனக்கு கடைசி வரைக்கும் புரியல. 2023 ஏப்ரல்ல எடுத்துட்டாங்க. அதே மாசம் பக்கத்து பார்க்ல, மேஜிக் கிங்டம்ல, 2021ல வந்த என்சேன்ட்மென்ட்ட நிறுத்திட்டு 2017ல வந்த ஹேப்பிலி எவர் ஆஃப்டர திரும்ப கொண்டு வந்தாங்க. புதுசு புடிக்கல, பழசு வேணும்னு ஜனங்க கேட்டுட்டே இருந்தாங்க, கேட்டது கெடச்சுது.

ராஜாஜிநகர்_தேவி

எல்லாரும் கதை, மியூசிக்னு பேசறீங்க, ஆடறவங்கள பத்தி யாரும் பேசல. நான் காலேஜ் முடிச்ச புதுசுல ஒரு பார்க்ல பரேடு டான்ஸரா இருந்தேன். ஃபவுண்டன் ஒருதடவ வாங்குற செலவு, பரேடு அப்படி இல்ல, தெனமும் சம்பளம், காஸ்ட்யூம் துவைக்கணும், தைக்கணும், லைட் வெச்ச டிரஸ்ஸுன்னா பேட்டரி சார்ஜ் போடணும், ஆள் மாறுனா திரும்ப ரிகர்சல். அதனால கூட்டம் கொறையற சீசன்ல மொதல்ல எங்கள தான் கொறச்சாங்க. நாலு பேர் ஆடற ஃப்ளோட்டுக்கு ரெண்டு பேர், அப்பறம் அந்த ரெண்டு பேரும் ரெண்டு ஃப்ளோட்டுக்கு நடுவுல. அடுத்த தடவ பரேடு பாத்தா ஃப்ளோட்டுக்கும் ஃப்ளோட்டுக்கும் நடுவுல எவ்வளவு வெறும் ரோடு தெரியுதுன்னு பாருங்க, அங்க முன்னாடி ஆள் இருந்திருப்பாங்க. கொழந்தைங்க கை ஆட்டறது ஃப்ளோட்டுக்கு இல்ல, அதுல இருக்கற ஆளுக்கு தான்!

நைட் ஷோவுக்கு தனி டிக்கெட் இல்லாததும் ஒரு காரணம். கூட்டத்த ராத்திரி வரைக்கும் உள்ள நிறுத்தி சாப்பாடு விக்கறதே இந்த ஷோ தான், ஆனா அந்த வருமானம் கேண்டீன் கணக்குல போயிரும், ஷோ கணக்குல செலவு மட்டும் நிக்கும். அப்பறம் எப்படி பட்ஜெட் ஏறும்?

முனிர்க்கா_முரளி

டெல்லில பல வருஷம் இருந்துட்டு இப்ப எச்.எஸ்.ஆர் லேஅவுட். நம்ம நாட்டுலயே நல்ல உதாரணம் இருக்கு, டெல்லி அக்ஷர்தாம் கோயில்ல சஹஜ் ஆனந்த் வாட்டர் ஷோ. கேன உபநிஷத கதை. தேவர்களுக்கு கர்வம் வந்துருது, ஒரு யக்ஷன் வந்து ஒரு புல்ல கீழ வெக்கறான், அக்னியால அத எரிக்க முடியல, வாயுவால அசைக்க முடியல. இத யார் எடுத்தாங்களோ அவங்களுக்கு கும்பிடு, ஏன்னா நெருப்பு, காத்து ரெண்டுமே அந்த கதைல ஆளுங்க. கதைக்குள்ள வேல இருக்கறதால தான் நெருப்பு வருது, சும்மா கை தட்டு வாங்க இல்ல. சாமி கும்பிடாத என் ஃப்ரெண்டு ஒருத்தன் கூட அசையாம உக்காந்திருந்தான்.

ஃப்ரான்ஸ்ல பூய் டு ஃபூ பார்க்ல ரைடே கிடையாது, எல்லாம் ஷோ தான். அங்க சினேசெனின்னு ராத்திரி ஷோ 1978லருந்து நடக்குது, ஆயிரக்கணக்குல நடிக்கறவங்க பூரா அந்த வட்டாரத்து ஜனங்க, வாலண்டியர்ஸ்.

ராஜாஜிநகர்_தேவி

முரளி சார், அந்த கடைசி விஷயத்துல எனக்கு ஒப்பில்ல. அது ஊர்க்காரங்க அவங்க மண்ணோட கதைய அவங்களே சொல்றது, நம்ம அல்சூர் பல்லக்குக்கு ராத்திரி முழுக்க முழிச்சு பூ கட்டறாங்களே அந்த மாதிரி மனசு. டிக்கெட் விக்கற கம்பெனி அத காட்டி டான்ஸருக்கு சம்பளம் கொறைக்க கூடாது.

முனிர்க்கா_முரளி

கரெக்ட்மா, ஒத்துக்கறேன். நான் சொல்ல வந்தது ஊர் கதைய எடுக்கறத பத்தி மட்டும் தான். மைசூர் ரோட்டுல இத்தன எடம் இருக்கே, திப்பு, கெம்பேகவுடா, காவிரின்னு கதைக்கா பஞ்சம்?

கெங்கேரி_கார்த்தி

தேவி அக்கா, அந்த கேண்டீன் கணக்கு விஷயம் நான் யோசிச்சே பாக்கல, நன்றி. லைட்ஸ் ப்ரோ ஒண்ணே ஒண்ணு, இப்ப ட்ரோன் ஷோ வந்துருச்சே, மைசூர் தசராவுக்கு கூட விட்டாங்க. அதுல நெலம மாறுமா?

சிவாஜிநகர்_லைட்ஸ்

ட்ரோன்லயும் அதே கன்டென்ட் வரி தான் ப்ரோ. பேட்டரி ரொம்ப நேரம் தாங்காது, அதனால கெடைக்கற கொஞ்ச நிமிஷத்துல லோகோவும் க்யூஆர் கோடும் காட்டுனா அத்தோட போச்சு. ஆனா ஒரு நல்லது, பறக்க விடறதுக்கு முன்னாடி முழு ஷோவயும் கம்ப்யூட்டர்ல சிமுலேஷனா ஓட்டி காட்டலாம், ஓனர் கதைய முன்னாடியே பாத்துடறார். நான் போன மாசம் ஒருத்தருக்கு அப்படி காட்டுனப்ப அவரே, நடுவுல இந்த எடம் சப்புன்னு இருக்கு, ஒரு ரைட்டர கூப்பிடுங்கன்னாரு.