ஆபரேஷன் லிஸ்ட்டில் முதலில் இருந்த அம்மாவை மதியத்துக்குத் தள்ளிவிட்டார்கள், இது வழக்கம்தானா?

அம்மாவுக்குச் சுகர் உண்டு. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன். சுகர் இருப்பதால் முதல் கேஸாக எடுக்கிறோம் என்று முந்தின நாள் ரவுண்ட்ஸில் சொன்னார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. காலையில் போய்க் கேட்டால் வரிசை மாறிவிட்டது, மதியம்தான் என்கிறார்கள், ஏன் என்று சொல்ல ஆளில்லை. உதடு வெடித்து, தலைசுற்றி, பாவமாக இருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்து அப்பாவுக்கு வலது பக்கக் குடலிறக்கம், அதனால்தான் கேட்கிறேன்.

தியேட்டர் நர்ஸ்:
வரிசை மாறுவது தப்பில்லைங்க. திடீரென்று ஒரு சிசேரியன் வரும், ஐசியூவில் பெட் காலியாகாது, ரத்தம் ஏற்பாடாகியிருக்காது, கருவிகள் ஆட்டோகிளேவிலிருந்து (நீராவியில் கிருமி நீக்கும் இயந்திரம்) வந்திருக்காது. குழந்தைகளையும் சுகர் உள்ளவர்களையும் முன்னால் போடுவோம், சீழ் பிடித்த கேஸ் கடைசியில். ஆனால் மாற்றியதை வார்டுக்குச் சொல்லாமல் விடுவது பெரிய தப்பு. பழைய லிஸ்ட்டில் பேனாவால் அம்புக்குறி போட்டு 1-ஐ 4 ஆக்கினால் தியேட்டரில் ஒரு வரிசை, வார்டில் ஒரு வரிசை என்று ஆகிவிடும். பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அச்செடுத்து எல்லா இடத்திலும் ஒட்டவேண்டும்.

மயக்க மருந்து டாக்டர்:
தண்ணீர் விஷயம் எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது. பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி போதும். கேஸ் மதியத்துக்குப் போனால் காலையில் தண்ணீர் தரலாமா என்று யாராவது யோசித்திருக்க வேண்டும். நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், சுகர் உள்ள சிலருக்கு வயிறு மெதுவாகத்தான் காலியாகும், எங்களைக் கேளுங்கள். அதைவிட முக்கியம், முதல் கேஸ் என்று நினைத்து மாற்றி எழுதிய இன்சுலின் அளவை மதியத்துக்கு ஏற்றபடி திரும்பப் பார்க்கவேண்டும், இடையிடையே விரலில் குத்திச் சுகரும் பார்க்கவேண்டும்.

இன்னொருவர்:
அப்பாவிடம் ஒன்று சொல்லி வையுங்கள். தியேட்டருக்குக் கூப்பிட வருபவர் "முருகேசன்தானே?" என்று கேட்டால் பதற்றத்தில் யாரும் தலையாட்டிவிடுவார்கள். பெயரையும் எந்தப் பக்கம் என்பதையும் அவரே வாய்விட்டுச் சொல்லட்டும். 2008-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட செக்லிஸ்ட்டிலும் மயக்க மருந்து கொடுக்கும் முன்பே ஆள், இடம், என்ன ஆபரேஷன் என்று உறுதிசெய்யச் சொல்கிறது. வரிசை மாறிய நாளில் இது இன்னும் அவசியம்.

கேட்டவர்:
நன்றி. வரிசை மாறினால் எத்தனை மணிக்கு, தண்ணீர் எதுவரை, யார் வந்து சொல்வார்கள், இந்த மூன்றையும் அட்மிஷன் அன்றைக்கே வார்டு சிஸ்டரிடம் கேட்டுவிடுகிறேன்.