புதுப்பிப்பு: குற்றத் தொடர்களுக்கு நடுவே படித்த புத்தகங்கள்

குற்றத் தொடர்களுக்கு இடையே படிக்கப் புனைவல்லாத நூல்களைச் சொல்லுங்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். நஞ்சுகளின் வரலாறு, கைரேகை, தடயவியல் என ஆளுக்கொரு திசை காட்டினீர்கள். எல்லாவற்றையும் கலந்தே புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

நஞ்சுகள்தான் என்னை இழுத்துக்கொண்டன. வெள்ளை ஆர்சனிக் உணவில் கலந்தால் தெரியாது. சாவும் வயிற்று நோய் போலவே இருக்கும். வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் 1836இல் வெளியிட்ட சோதனை அதைக் கண்ணாடியில் கரும்படலமாகப் படியவைத்தது. அதற்கு முன் ஒரு வழக்கில் அவர் எடுத்த சான்று நீதிமன்றம் போவதற்குள் கெட்டுப்போக, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். அந்த ஆற்றாமையில் பிறந்த சோதனை இது! எந்தத் தொடரிலும் இவ்வளவு வலுவான தொடக்கத்தை நான் பார்த்ததில்லை.

கைரேகை வரலாறு கோபத்தைக் கிளப்பியது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் அமைந்தது. வகைப்படுத்தும் முறைக்காக உழைத்தவர்கள் அஜிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். முறைக்கு நிலைத்த பெயரோ அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது.

தடயவியல் நூல் பாதியில் நிற்கிறது, படங்கள் கடினமானவை. அடுத்து நீதிமன்ற விசாரணைகள் பற்றிப் படிக்க விரும்புகிறேன். நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.