எந்தக் கிழமை போடுறீங்க?

மணிக்கட்டு எழுதியது:

எனக்கு ஆறு வருஷமாக முடக்குவாதம், ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ். இரண்டு கை விரல்கள், மணிக்கட்டு, இப்போது புதிதாக இடது முழங்கால். டெஸ்ட், மாத்திரை பற்றியெல்லாம் நிறையப் பேசியாயிற்று. நான் கேட்பது வேறு. போகிற போக்கில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையால் வியாதியோடு நாளைத் தள்ளுவது சுலபமாகியிருக்கும். அந்த ஆளைப் பற்றி எழுதுங்களேன்.

நானே ஆரம்பிக்கிறேன். என்னுடைய ஆள் ஒரு மருந்துக்கடைப் பெண். முதன்முதலாக மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்த நாள். டாக்டர் விளக்கமாகத்தான் சொல்லியிருப்பார், ஆனால் "ரொம்ப நாள் சாப்பிட வேண்டியிருக்கும்" என்பதற்கு மேல் எதுவும் என் காதில் ஏறவில்லை. கடையில் இருந்த பையன் மாத்திரைகளைக் கவரில் போட்டு, எல்லாவற்றுக்கும் எழுதுவதைப் போல 1-0-0 என்று கிறுக்கிக் கொடுத்துவிட்டான். பணத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற பெண், இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும், கவரை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, இதை எந்தக் கிழமை போடுறீங்க?"

"கிழமையா? தினமும்தானே?" என்றேன். சட்டென்று கவரைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மாத்திரை அது. தவறித் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி, ரத்த அணுக்களை இறக்கி, உயிருக்கே உலை வைத்துவிடும். அவளுடைய அம்மாவுக்கும் இதே வியாதியாம். "சனி ராத்திரி போடுங்கக்கா. மறுநாள் குமட்டினாலும் ஞாயித்துக்கிழமை, படுத்துக்கலாம்" என்றாள். கவரில் சிவப்பு மையால் பெரிதாக 'சனி மட்டும்' என்று எழுதி, கூடவே கொடுத்திருந்த ஃபோலிக் ஆசிட் சத்து மாத்திரை அட்டையில் 'செவ்வாய்' என்று எழுதினாள். அடுத்த தடவை டாக்டரிடம் கேட்டேன். அவரும் அப்படியே செய்யச் சொன்னார்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு. மாத்திரை போட்ட மறுநாள் அந்த வாசனை எனக்கு ஆகவே ஆகாது. மூன்று மாசம் மூக்கைப் பொத்திக்கொண்டு சமைத்தேன். அப்புறம் ஒருநாள் துணிந்து, "இனிமே கறி புதன்கிழமை" என்று சொல்லிவிட்டேன். மாமியார் ஒரு வாரம் பேசவில்லை. இப்போது ஞாயிறன்று அவர் மகன் ரசம் வைத்து அப்பளம் சுடுகிறார். ரசம் சுமார்தான்.

மற்றபடி காலை நேரம்தான் பெரும்பாடு. எழுந்ததும் விரல்கள் மடங்காது. ஒரு மணி நேரமாவது ஆகும். பால் பாக்கெட்டைக் கிழிக்க முடியாமல் பல்லால் கடித்து, பால் மேலெல்லாம் கொட்டி, அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுத நாள் உண்டு. இப்போது கத்தரிக்கோல் ஃபிரிட்ஜ் கைப்பிடியிலேயே தொங்குகிறது. முதல் வேலை, பாத்திரத்தில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி இரண்டு கைகளையும் பத்து நிமிஷம் மூழ்க வைப்பது. அந்தப் பத்து நிமிஷம் யார் கூப்பிட்டாலும் நான் பதில் சொல்வதில்லை.

மூணாம் நம்பர் பெட் எழுதியது:

கிட்னி வேலை செய்யாததால் வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ். மூன்றாவது வருஷம் நடக்கிறது.

என் ஆள் நாலாம் நம்பர் பெட்காரர், ரிட்டயரான பஸ் கண்டக்டர். எனக்கு டாக்டர் சொன்ன கணக்கு ஒரு நாளைக்கு 750 மில்லி. தண்ணீர் மட்டுமில்லை, காபி, மோர், ரசம் எல்லாம் அதற்குள்தான். சித்திரை வெயிலில் அதை வைத்து என்ன செய்ய? ஒவ்வொரு தடவையும் எடை மெஷினில் ஏறினால் நாலு கிலோ கூடியிருக்கும். அவ்வளவு நீரையும் இழுத்து எடுக்கும்போது கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும் பாருங்கள், கத்திவிடுவேன். நர்ஸ் திட்டுவார். நான் தாகத்தைத் திட்டுவேன்.

பெரியவர் ஒருநாள் கேட்டார்: "தம்பி, காலைல என்ன சாப்பிட்ட?" பழைய சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் என்றேன். "அப்புறம் தண்ணியை ஏன் திட்டுற? ஊறுகாயைத் திட்டு" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். உப்புதான் தாகத்தைக் கிளப்பிவிடுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் நிறுத்தினேன். கருவாட்டை விட்டதுதான் கஷ்டம், பொய் சொல்ல மாட்டேன். காலையிலேயே அன்றைக்கான தண்ணீரை அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றிவிடுவேன், அதில் கொஞ்சம் ஐஸ் தட்டுக்குப் போகும். ஒரு கட்டியை வாயில் அடக்கிக்கொண்டால் கால் மணி நேரம் ஓடும். இப்போது இரண்டு கிலோ, இரண்டரை கிலோவுக்கு மேல் ஏறுவதில்லை.

இன்னொன்றும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். படுக்கப் போகும் முன் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்திருப்பது) போட்ட கையில் விரலை வைத்துப் பார்ப்பது. உள்ளே பூனை உறுமுவது மாதிரி ஒரு அதிர்வு இருக்க வேண்டும். அது நின்றுவிட்டால் ரத்தம் உறைந்திருக்கலாம், விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி போடவோ யாரையும் நான் விடுவதில்லை.

சொந்தக்காரர்கள் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். "உடம்புச் சூடுதான், இளநீர் குடி" என்று வெட்டி வைத்து நீட்டுவார்கள். அதில் இருக்கிற பொட்டாசியத்துக்கு என் இதயம் நின்றாலும் நின்றுவிடும். அன்பாகத்தான் கொடுக்கிறார்கள், என்ன செய்ய.

நவம்பர்14 எழுதியது:

ஏழாம் வகுப்பிலிருந்து டைப் 1 சர்க்கரை. என் ஆள் பி.டி. சார். விளையாட்டு நேரத்தில் சுகர் இறங்கிக் கை நடுங்கி வியர்த்து மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பையன்கள் நடிக்கிறான் என்றார்கள். சார் எங்கள் அம்மாவைக் கூப்பிட்டு என்ன செய்யணும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். 70-க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் குளுக்கோஸ், கால் மணி நேரம் கழித்து மறுபடி டெஸ்ட். மறுநாளிலிருந்து அவர் சட்டைப் பையில் விசிலோடு ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் இருந்தது. "உட்காருடா" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "டெஸ்ட் பண்ணிட்டு ஓடு" என்பார்.

என் பெயர்க் காரணம் கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். நவம்பர் 14 நேரு பிறந்தநாள், பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுப்பார்கள். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பான்டிங் பிறந்ததும் அதே நாள், 1891-இல். உலக நீரிழிவு தினம் அன்றைக்கு வருவது அதனால்தான். எனக்கு மட்டும் மிட்டாய்க்கு முன்னால் ஊசி.

செதில் எழுதியது:

எனக்கு அப்படி நல்ல ஆள் யாரும் வாய்க்கவில்லை. சொரியாசிஸ், தோல் செதில் செதிலாக உரிகிற வியாதி. தொட்டால் ஒட்டாது. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. சலூனில் என் தலையைப் பார்த்துவிட்டு "அப்புறம் வாங்க சார்" என்று அனுப்பினார்கள். சண்டை போடவில்லை. ஒரு டிரிம்மர் வாங்கினேன், மனைவிதான் வெட்டிவிடுகிறாள். முதல் தடவை பின்மண்டை படிக்கட்டு மாதிரி இருந்தது. கவலை கூடினால் செதிலும் கூடுகிறது, அதனால் சலூன்காரரை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். இதை எழுதியதில் நினைத்தாயிற்று.

மணிக்கட்டு எழுதியது:

செதில், அந்த டிரிம்மரைப் பிடித்தவரைத்தான் உங்கள் ஆள் என்று நான் எழுதிக்கொள்கிறேன். படிக்கட்டு பரவாயில்லை.

மூணாம் நம்பர், உங்கள் பெரியவர் இப்போதும் நாலாம் பெட்டில்தான் இருக்கிறாரா? பதில் வந்தால் அப்புறம் படிக்கிறேன். இன்றைக்குச் சனி, மாத்திரை போட்டாயிற்று. நாளைக்கு இந்தப் பக்கம் வர மாட்டேன், திங்கள்கிழமை பார்க்கலாம்.