தமிழ் எழுத்துப் பாடங்களைப் பார்த்துச் சொல்ல ஓவியர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருந்து எழுதுகிறேன். கன்னடமும் ஆங்கிலமும் படித்து வளரும் நம் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஆன்லைனில் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறேன். பலரும் அம்மா அப்பாவின் போனில்தான் பார்க்கிறார்கள்.

பாடப் பக்கங்களை ஓவியரின் கண்ணோடு மாற்றியமைக்க ஆசை. வரைபவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள். விவரங்கள் மங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். அப்படிப் பார்த்தால், மஞ்சள் பின்னணியில் இருக்கும் ஆரஞ்சு நிற ‘ழ’ கரைந்தே போகிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்கும்படி வகுத்த இணைய அணுகல் விதிகள், சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு கேட்கின்றன. அதைக் கருவியில் சரிபார்த்துவிடலாம். ஆனால் பிள்ளையின் கண் முதலில் எங்கே போகும், எங்கே வெற்றிடம் விட வேண்டும் என்பதெல்லாம் வரைந்து பழகியவர்களுக்குத்தான் தெரியும். நிறங்களைப் பற்றிப் பாடம் நடத்திய ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் தன் மாணவர்களை, ஒரே நிறத்தை இரண்டு பின்னணிகளில் வைத்து இரண்டு நிறமாகத் தெரியச் செய்யச் சொல்வார். இந்த மாதிரிப் பயிற்சிகளை எழுத்துப் பாடத்துக்கு எப்படிப் பயன்படுத்தலாம்?

அப்புறம், வீடியோ. முடிந்த எழுத்தைக் காட்டுவதைவிடச் சுழி தொடங்கும் இடம், பேனா திரும்பும் இடம் தெரிய வேண்டும். மேலிருந்து படம்பிடித்தால் என் கை நிழல் சரியாகச் சுழிமேலேயே விழுகிறது. விளக்கை எந்தப் பக்கம் வைக்கலாம்?

இங்குள்ள ஓவியக் கல்லூரியான சித்ரகலா பரிஷத்தில் படித்தவர்கள், பள்ளி ஓவிய ஆசிரியர்கள் யாராவது அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். நாலைந்து பக்கங்களை அனுப்புகிறேன், போனிலேயே பார்த்துச் சொல்லுங்கள். சனிக்கிழமை என்றால் நேரிலும் வருகிறேன்.