ஸ்டப்1 ஜீனை அடக்கியும் சிப் புரதம் குறையவில்லை

ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) ஸ்டப்1 ஜீனை எஸ்ஐ-ஆர்என்ஏ (ஜீனின் ஆர்என்ஏவை அழிக்க வைக்கும் சிறு ஆர்என்ஏ) போட்டு அடக்கப் பார்க்கிறேன். மூன்று மாதமாக ஒரே கதை. ஆர்என்ஏ இறங்குகிறது, வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காணும் சோதனை) சிப் பேண்ட் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது.

வேறு துறை நண்பர்களுக்கு: ஸ்டப்1 உண்டாக்கும் புரதம்தான் சிப். மடிப்பு கெட்ட புரதத்தை எச்எஸ்பி70 என்ற துணைப் புரதம் பிடித்துக் கொடுத்தால், சிப் அதன்மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டி, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமுக்கு அனுப்பிவிடும். 303 அமினோ அமிலம், ஏறக்குறைய 35 கிலோடால்டன்.

ஆர்என்ஏ அளவைக் காட்டும் கியூபிசிஆரில் 48 மணி நேரத்தில் 80% குறைவு. 72 மணி வரை வைத்தேன், டோஸை 20லிருந்து 50 நானோமோலாருக்கு ஏற்றினேன், வேறு வரிசையில் இன்னொரு எஸ்ஐ-ஆர்என்ஏவும் போட்டேன். பலனில்லை.

ஒரு மாதத்தை என் முட்டாள்தனமே தின்றது. லோடிங் கன்ட்ரோலாக (எல்லா மாதிரியிலும் ஒரே அளவு புரதம் போட்டோமா என்று பார்க்க) ஜிஏபிடிஎச் புரதத்தை வைத்திருந்தேன். அது 37 கிலோடால்டனில், கிட்டத்தட்ட சிப்பின் தலைமேலேயே உட்காரும். ஒரே மெம்பிரேனில் இரண்டையும் பார்த்தால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்? இப்போது டியூபுலினுக்கு மாறிவிட்டேன். 35இல் அந்தப் பேண்ட் அப்படியே கல் மாதிரி நிற்கிறது.

மிக் டேக் (சிறு அடையாளத் துண்டு) வைத்த சிப்பை உண்டாக்கும் பிளாஸ்மிட்டை (வட்ட டிஎன்ஏ) செல்லுக்குள் போட்டால் சற்று மேலே புதுப் பேண்ட் பளிச்சென்று வருகிறது. ஆக, ஆன்டிபாடி (முயல், பாலிகுளோனல்) சிப்பைப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆய்வகம் மதுரையில், இன்னொரு ஆன்டிபாடி வர ஆறு வாரமாகும்.

கீழே நிற்கும் பேண்ட் எளிதில் சிதையாத பழைய சிப்பா, ஆன்டிபாடி தவறாகப் பிடிக்கும் வேறு புரதமா என்று, இருப்பதை வைத்தே எப்படிப் பிரித்தறிவது?